பெற்றோரைக் கூப்பிட்டால் வேலை கெடுமா?

"பிள்ளைகள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கிறார்கள். டாக்டரும் பள்ளிக்கே வருகிறார். பார்த்து, மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். பெற்றோரைக் கூப்பிட்டால் வேலை கெடும்." பள்ளி மருத்துவப் பரிசோதனை என்று பேச்செடுத்தால் தென்காசி வட்டாரத்தில் எவரிடமும் கேட்கக்கூடிய கருத்து இது. ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சுகாதாரத் துறை ஊழியர்கள் சொல்கிறார்கள். தம் பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்த்த பெற்றோர், அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றிச் சொல்கிறார்கள். இந்தக் கருத்து தவறு. அதனால் கெடுவது பிள்ளைகளின் உடம்பு.

அவர்கள் தரப்பை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய கார்யக்ரம் திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு ஓர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று 18 வயது வரை பார்க்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினால் இத்தனை பிள்ளைகளைப் பார்த்து முடிக்க முடியாது. பள்ளி என்றால் ஒரே நாளில் முடியும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வரும் பூச்சி மாத்திரையும் வியாழக்கிழமை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையும் ஆசிரியர் கண்முன்னே பிள்ளையின் வாய்க்குள் போகின்றன. இதற்கெல்லாம் மேலாக அவர்கள் சத்துணவை எடுத்துக்காட்டுகிறார்கள்: காமராஜரும் எம்.ஜி.ஆரும் பெற்றோரைக் கேட்டுக்கொண்டா சோறு போட்டார்கள்? கூட்டம் என்று அழைத்தால் பெற்றோர் வருவதில்லை; வந்தாலும் ஊசி வேண்டாம் என்பார்கள்; நாலு பேர் காதில் பயத்தை ஓதிவிட்டுப் போவார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வருகைப் பதிவு, எமிஸ் இணையதளப் பதிவேற்றம், சத்துணவுக் கணக்கு, பாடம் என்று எல்லாவற்றையும் சுமக்கும் ஆசிரியர் சலித்துப்போய்ச் சொல்வது அது. அவர் பட்ட பாடு உண்மை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. வைத்தியம் செய்வது யார்?

பள்ளியில் நடப்பது நோயைக் கண்டுபிடிப்பது. வைத்தியம் வீட்டில் நடக்கிறது. இந்தச் சின்ன வேறுபாட்டை மறந்ததால்தான் மொத்த வாதமும் பிசகுகிறது.

குற்றாலத்தைச் சுற்றியுள்ள இலஞ்சி, மேலகரம், காசிமேஜர்புரம் பக்கத்துப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காதில் சீழ் வடிகிறது. மருத்துவக் குழு பார்க்கிறது, செவிப்பறையில் ஓட்டை என்று எழுதுகிறது, சொட்டு மருந்து தருகிறது, "காதில் தண்ணி படக்கூடாது" என்று அந்த 7 வயதுப் பிள்ளையிடமே சொல்லி அனுப்புகிறது. பிள்ளை வீட்டுக்குப் போகிறது. சனிக்கிழமை ஆச்சி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, வழக்கப்படி காதிலும் ரெண்டு சொட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சி விடுகிறார். சாரல் விழும் நாளில் அண்ணன்மாரோடு பிள்ளை அருவிக்கு ஓடுகிறது. அடுத்த ஆண்டு அதே குழு வந்து அதே காதைப் பார்த்து அதே வரியை எழுதும். அதற்குள் கேட்கும் திறன் குறைந்திருக்கும். வகுப்பில் "சொன்னது புரியாத பிள்ளை" என்ற பெயரும் கிடைத்திருக்கும்.

அந்த ஆச்சியை யாராவது பள்ளிக்கு அழைத்தார்களா? எண்ணெய் விட வேண்டாம், குளிக்கும்போது பஞ்சில் கொஞ்சம் வாசலின் தடவிக் காதை அடைத்துவிடுங்கள் என்று யாராவது அவரிடம் சொன்னார்களா? சொன்னால் அவர் கேட்பார். பேரப்பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் எண்ணெயே விடுகிறார். அந்தக் காது ஆறுவது இனி அவர் கையில் இருக்கிறது. அவரை விட்டுவிட்டுச் செய்த பரிசோதனையால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

சிரங்கு இன்னும் தெளிவான சான்று. ராத்திரியில் சொறியவைக்கும் இந்த நோய் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியால் வருவது. ஒரே பாயில் படுப்பவர்களுக்குள் பரவுவது. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் பூச வேண்டும். போர்வை, பாவாடை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் காய வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு குழாய் களிம்பு கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? பிள்ளைக்குக் குறையும், தங்கையிடமிருந்து திரும்ப ஒட்டும். பிறகு "சுத்தமில்லாத வீடு" என்று வகுப்பறையில் பேச்சு வரும். ஒரு வீட்டுக்கான வைத்தியத்தை ஓர் ஆளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, குணமாகவில்லை என்று அந்த வீட்டையே குறை சொல்வது நியாயமா?

ருமாட்டிக் இதயநோய்க்கு இது உயிர்ப் பிரச்சினை. தொண்டை வலியில் தொடங்கி, மூட்டு வீங்கி, இதய வால்வைக் கெடுக்கும் நோய் அது. 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில், அதாவது பள்ளிப் பருவத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. அது மேலும் முற்றாமல் தடுக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில் போட வேண்டும். அடுத்த ஊசி எந்தத் தேதி என்று நினைவு வைத்து, கூலிக்குப் போகாமல் இருந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவது யார்? முழு ஆண்டு விடுமுறையிலும் தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது யார்? நடமாடும் குழுவும் இல்லை, வகுப்பாசிரியரும் இல்லை.

2. விழுங்கினால் முடிந்ததா?

"மாத்திரையையாவது பள்ளியிலேயே முடித்துவிடலாமே" என்பது அடுத்த வாதம். அதுவும் நிற்காது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019-21-ல், தமிழகத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய சுற்றில் 50.7 ஆக இருந்தது கூடியிருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். பிள்ளைக்கும் தாய்க்கும் ஒரே குறை, ஒரே அடுப்படியிலிருந்து வருகிறது. வாரம் ஒரு மாத்திரையால் மட்டும் அதை ஈடுகட்டிவிட முடியுமா?

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். இரண்டும் இயல்பு. ஆனால் இதை முன்கூட்டியே கேள்விப்படாத தாய், கறுத்த மலத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? "ஸ்கூல்ல என்ன எழவையோ குடுக்காங்க, இனிமே வாயில வச்சிக்கிட்டு வெளிய போய்த் துப்பிரு" என்பாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதும், முருங்கைக்கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும் என்பதும் சமைக்கிறவருக்குத் தெரிய வேண்டியவை. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆசிரியர் கண்முன் விழுங்கவைப்பதைக் காவலாகச் சொல்கிறார்கள். வீட்டில் ஒப்புதல் இல்லாத மாத்திரையை எந்தக் காவலும் காப்பாற்றாது.

3. அக்கறை இல்லையென்று யார் அளந்தது?

இந்த வாதங்களிலேயே என்னை அதிகம் வருத்துவது இதுதான்: "கூப்பிட்டோம், வரவில்லை. அக்கறை இல்லாத ஜனங்கள்."

எப்போது கூப்பிட்டீர்கள்? கடையநல்லூர், ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கம் வீட்டுத் திண்ணைகளைப் பாருங்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும். சோறு பொங்கிப் பிள்ளையை அனுப்பிய கையோடு உட்கார்ந்த பெண், ஆயிரம் பீடிக்குக் கணக்குப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். கட்டிய கட்டைக் கடையில் கொண்டுபோய் நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போகும், மறுநாள் இலையும் தூளும் குறையும். கணவன் பல வீடுகளில் கேரளத்தில் வேலையில் இருக்கிறார். குற்றாலத்திலோ சீசனே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான். பள்ளி திறந்து கூட்டங்களும் பரிசோதனைகளும் தொடங்கும் அதே மாதங்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர், விடுதியில் துணி துவைப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லாருக்கும் ஆண்டு முழுவதற்குமான சம்பாத்தியம் அந்த மூன்று மாதத்தில்தான். வேலைநாளில், பகல் 3 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வராதவர் பெயரை அக்கறையின்மைக் கணக்கில் எழுதுகிறோம். அந்தக் கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சம்பள நேரம். வர வேண்டியவர்களுக்குக் கூலி நேரம்.

சரி, வரவில்லை. செய்தியாவது போய்ச் சேர்ந்ததா? பரிந்துரைச் சீட்டு என்ற ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளங்கை அகலத் தாள். அதில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் நோயின் பெயர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, கீழே போக வேண்டிய ஆஸ்பத்திரியின் பெயர், அதுவும் சுருக்கெழுத்தில். எந்தக் கிழமை, எந்த அறை, என்னென்ன காகிதம், எவ்வளவு அவசரம், செலவு உண்டா என்று ஒரு வரி இல்லை. கணக்கு நோட்டுக்குள் மடங்கிக் கிடக்கும் அந்தச் சீட்டைத் தாய் கண்டெடுத்தாலும், பிள்ளைக்கு இதயத்தில் ஏதோ என்று சந்தேகிக்கிறார்கள் என்பதை அவள் எப்படிப் படித்தறிவாள்?

படித்தறிந்தால் அடுத்து என்ன? தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி, இருவருக்குச் சாப்பாடு. அறுவைச் சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அட்டைக்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். அட்டையில் பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்தால் அதற்கொரு அலைச்சல். சிகிச்சை இலவசம் என்பது உண்மை, தமிழ்நாடு அதில் பெருமைப்படலாம். அந்த இலவசத்தின் வாசல்வரை போய்ச் சேரும் பாடு முழுக்கக் குடும்பத்துடையது. இத்தனையும் ஒரு பெண் தனியாகச் செய்து முடிக்க வேண்டும். முடியாமல் நின்றுபோனால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அலட்சியம்.

4. வதந்தி எங்கிருந்து முளைத்தது?

"பெற்றோரிடம் சொன்னால் வதந்தி கிளம்பும்" என்பவர்கள் 2017-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 6-ல் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை, சுமார் 1.76 கோடிப் பிள்ளைகள் இலக்கு. பெரும்பகுதி பள்ளிகளில் போடுவதாக ஏற்பாடு. ஊசி நல்ல ஊசி. தட்டம்மையையும், கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும் ரூபெல்லாவையும் தடுப்பது. ஆனால் அது என்ன ஊசி, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடியும் என்ற கேள்விகளுக்குப் பதில் வீட்டுக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் பொய் போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். பிப்ரவரிக்குள் முடிந்திருக்க வேண்டிய இயக்கம் மார்ச்சுக்கும் நீண்டது. சொன்னதால் வந்த வினையல்ல அது. முந்திச் சொல்லாததால் வந்தது.

2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அங்கு பள்ளிகளில் தொடங்கவிருந்த இதே தடுப்பூசி இயக்கத்தை நிறுத்திவைத்தது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், பக்கவிளைவு உட்பட விவரம் தெரிவிக்க வேண்டும் என்றது. நேரம் மிச்சமாகும் என்று நினைத்த குறுக்குவழி, நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் விட்டது.

5. சத்துணவைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

அது உங்கள் தரப்புச் சாட்சி இல்லை. காமராஜர் காலத்து மதிய உணவு தொடக்கத்தில் அரசுப் பணத்தோடு ஊராரின் பங்கையும் சேர்த்து நடந்தது. அன்றைய கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நெல்லும் பாத்திரமும் பணமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊரைக் கேட்காமல் அல்ல, ஊரைக் கூட்டி நிறுத்தித்தான் அந்தத் திட்டம் வேர்பிடித்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும், அந்தந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரையே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகச் சமையலுக்கு எடுத்தார்கள். உப்புமாவில் காய் குறைந்தால் கேட்கும் முதல் ஆள் அந்தப் பிள்ளையின் தாய்.

6. ஆள் ஏது, நேரம் ஏது?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றச் சொல்பவன் நான் அல்ல. ஆனால் வீட்டை விட்டுவிட்டால் வேலை குறையும் என்ற கணக்கை நியூயார்க் நூறாண்டுக்கு முன்பே போட்டுப் பார்த்துத் தோற்றது. அங்கு டாக்டர்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, கண்நோய், பேன், சொறி உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் என்ன செய்வது என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும். 1902 அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை 4 பள்ளிகளுக்குச் சோதனையாக அனுப்பினார்கள். அவர் பள்ளியில் மருந்து போட்டார், மாலையில் வீட்டுக்குப் போய்த் தாய்க்குச் செய்துகாட்டினார். அது பலித்ததைப் பார்த்து மாநகரமே மேலும் செவிலியர்களை அமர்த்தியது. மாதத்துக்கு 10,000-க்கு மேல் இருந்த வெளியேற்றம் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

நம்மிடம் அந்த வேலைக்கு ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் எல்லாரும் வீட்டுக்கு வீடு போகிறவர்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரையோடு போகிற தன்னார்வலர் கையில், மகனின் பரிந்துரைச் சீட்டின் ஒரு நகல் ஏன் இல்லை? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பெற்றோரைச் சேர்க்க வழியில்லை என்று எவரும் சொல்ல முடியாதபடி சட்டமே அவர்களை உள்ளே உட்கார வைத்திருக்கிறது.

7. வீடே ஆபத்தாக இருந்தால்?

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இதுதான், அதிகம் கேட்கப்படாததும் இதுதான். அடி, பாலியல் வன்முறை, பள்ளி வயதில் கல்யாண ஏற்பாடு ஆகியவை வீட்டுக்குள்ளேயே நடக்கும்போது, பெற்றோரிடம் சொல் என்பது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாகும். அங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பள்ளி தயங்காமல் அங்கே போக வேண்டும். வளரிளம்பெண் தன் உடம்பைப் பற்றிச் செவிலியரிடம் தனியாகப் பேசும் உரிமையையும் விட்டுத்தர முடியாது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில வீடுகள் அப்படி இருப்பதால் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் அத்தனை தாய்மாரையும் சந்தேகப் பட்டியலில் வைக்கக் கூடாது. ஆபத்தான வீடு எது என்று தெரிவதற்கும் வீடுகளோடு பழக்கம் வேண்டும்.

தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகும் பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் குறையவில்லை. தலைமையாசிரியர்களுக்கும் வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும் என் வேண்டுகோள்: பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே தமிழில் ஒரு தாள் வீட்டுக்குப் போகட்டும். குற்றாலத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தைச் சீசன் முடிந்த செப்டம்பருக்கு மாற்றுங்கள். பீடி ஊர்களில் கூட்டத்தை மாலை 6 மணிக்கு மேல், தெருவிலேயே வையுங்கள். தாய் வர முடியாவிட்டால் ஆச்சி வரட்டும். பரிந்துரைச் சீட்டில் நோயின் பெயர் தமிழில் இருக்கட்டும். எந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரி, என்ன காகிதம் என்பதும், கேட்டால் பதில் சொல்லும் ஒரு செவிலியரின் எண்ணும் இருக்கட்டும். சீட்டு கொடுத்த பதினைந்தாம் நாள் யாராவது ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "போயிட்டு வந்தீங்களாம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். இவ்வளவையும் செய்து பார்த்த பிறகும் வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள். அதன் பிறகு அக்கறையைப் பற்றிப் பேசலாம்.